பட்டணத்துத் தண்ணீர் பில்லில் நம்ம ஏரிக்கு ஒரு ரூபாய் வேண்டும்!



சென்னைப் பட்டணம் குடிக்கிற தண்ணீர் எங்கேயிருந்து போகிறது? குழாயைத் திறந்தால் வருகிறது என்று அங்கே இருக்கிற பிள்ளைகள் சொல்லும். நமக்குத்தான் தெரியும். பூண்டியிலிருந்து போகிறது, சோழவரத்திலிருந்து போகிறது, புழலிலிருந்தும் செம்பரம்பாக்கத்திலிருந்தும் போகிறது. 2004 முதல் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டுக் கொண்டு போகிறார்கள். ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா தண்ணீர் வருகிறது. அதுவும் போதாமல் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம், கன்னிகைப்பேர் என்று நம்ம பூமிக்கு அடியிலே போர் போட்டு உறிஞ்சுகிறார்கள். இவ்வளவுக்கும் அப்புறம்தான் கடல் தண்ணீரில் உப்பு எடுக்கிற ஆலை எல்லாம்.

செம்பரம்பாக்கம் ஒரு காலத்தில் பாசன ஏரி. மதகு திறந்தால் கழனி நனையும். இன்றைக்கு அது பட்டணத்துக் குடிநீர்த் தொட்டி. மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மேல் உறிஞ்சி உறிஞ்சி, நல்ல தண்ணீர் இருந்த இடத்தில் கடல் உப்பு ஏறி, பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. அந்த ஊர் விவசாயி கிணற்றிலே வாளி விட்டால் கரிப்பு. அவன் யார்கிட்டே போய் பில் போடுவான்?

குடிக்கிற தண்ணீரைக் கொடுக்க மாட்டேன் என்று நம்மில் யாரும் சொல்லவில்லை. தாகத்துக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்லுகிற வழக்கம் நம்ம பக்கத்தில் கிடையாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. மாட்டைக் கறக்கிறவன் தீவனம் போட வேண்டாமா? பட்டணத்துத் தண்ணீர் பில்லில் குழாய்க்குக் காசு இருக்கிறது, பம்புக்குக் காசு இருக்கிறது, ஆபீசுக்குச் சம்பளம் இருக்கிறது. அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கிற ஏரிக்கும் வரத்துக்கால்வாய்க்கும் ஒரு தலைப்பு உண்டா? இல்லை. அதனால் சங்கத்தின் கோரிக்கையாக இதை வைக்கிறோம்: சென்னைக் குடிநீர் வாரியம் போடுகிற பில்லில் ஆயிரம் லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏரி மேல்வரி போட வேண்டும். அந்தக் காசு தண்ணீர் வருகிற வழியிலே இருக்கிற கிராமத்து ஏரிகளுக்கு வர வேண்டும்.

ஒரு ரூபாயிலே என்ன ஆகும் என்று சிரிக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். சென்னைக்கு நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 100 கோடி லிட்டர் தண்ணீர் போகிறது. ஆயிரம் லிட்டருக்கு ஒரு ரூபாய் என்றால் நாளைக்கு 10 லட்சம் ரூபாய். வருஷத்துக்கு 36 கோடியே 50 லட்சம். 2017இல் குடிமராமத்துத் திட்டம் ஆரம்பித்தபோது முதல் தவணையில் 1,519 வேலைக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வகுத்துப் பார்த்தால் வேலைக்கு ஆறரை லட்சம் சொச்சம். அந்த ரேட்டைப் பார்த்தாலே இந்த ஒரு ரூபாயில் வருஷத்துக்கு ஐந்நூற்றைம்பது வேலை செய்யலாம். விலைவாசி ஏறிவிட்டது, பாதிதான் முடியும் என்றே வைத்துக்கொள்வோம். பத்து வருஷத்தில் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மூன்று மாவட்டத்து ஏரிகளின் முகமே மாறிவிடும்.

கொடுக்கிற வீட்டுக்கு எவ்வளவு பாரம்? ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கம் வைத்திருக்கிற அளவு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 16 ஆயிரம் லிட்டர். ஆக மாதம் 16 ரூபாய். பட்டணத்துக் கடையில் ஒரு டீ குடித்தால் தீர்ந்து போகிற காசு. பெரும்பாலான வீட்டுக்கு அங்கே தண்ணீர் மீட்டரே கிடையாது, மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகைதான். அந்த வீடுகளுக்கு 15 ரூபாய் என்று போட்டுவிட்டுப் போகட்டும். குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாயிலும் லாரியிலும் நிற்கிற ஏழை ஜனங்கள்மேல் ஒரு பைசாவும் போடக்கூடாது. அவங்களும் நம்ம ஊரை விட்டுப் பிழைக்கப் போனவங்கதான். ஓட்டல், ஆஸ்பத்திரி, கம்பெனி, நீச்சல்குளம் வைத்த அடுக்குமாடி, இவர்களுக்கு மீட்டர்படி போடலாம், இன்னும் கூடுதலாகவே போடலாம்.

தனியார் தண்ணீர் லாரிக்காரனை மட்டும் சும்மா விடலாமா என்று கேட்பீர்கள். சென்னை சுற்றுவட்டாரத்தில் லைசென்ஸ் இல்லாமல் நிலத்தடி நீரை எடுத்து விற்கக்கூடாது என்று 1987லேயே சட்டம் வந்தது. சட்டம் பாட்டுக்கு இருக்கிறது, லாரி பாட்டுக்கு ஓடுகிறது. திருட்டு லாரிக்கு மேல்வரி போட்டால் திருட்டுக்கு ரசீது கொடுத்த மாதிரி ஆகிவிடும். முதலில் லைசென்ஸ், அப்புறம் மேல்வரி. 12 ஆயிரம் லிட்டர் லாரிக்கு 60 ரூபாய் என்று வைத்தாலும் அவன் விற்கிற விலைக்கு முன்னால் அது தூசு.

சரி, ஏரியைத் தூர் வாரினால் பட்டணத்துக்கு என்ன லாபம்? நம்ம மேல் ஏரிகளை ஆழப்படுத்தினால் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும், கீழே இருக்கிற செம்பரம்பாக்கத்துக்கும் பூண்டிக்கும் வராது என்று படித்த இன்ஜினியர்களே பேசுகிறார்கள். நியாயமான கேள்விதான், பதில் சொல்லுகிறோம்.

நம்ம ஏரிகள் தனித்தனியாகக் கிடப்பவை அல்ல. சங்கிலி. மேல் ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும், அது நிறைந்து அதற்கடுத்ததுக்குப் போகும். வரத்துக்கால்வாய் மேடு தட்டி, சீமைக்கருவேல் மண்டி, பாதி வழியில் பிளாட்டு போட்டுக் கிடந்தால் மழைத் தண்ணீர் ஏரிக்கும் வராது, நீர்த்தேக்கத்துக்கும் போகாது. ரோட்டிலே ஓடி, ஊரிலே புகுந்து, கடலுக்குப் போகும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. நாலே வருஷம் கழித்து 2019 கோடையில் அதே சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். ஒரு ரயிலுக்கு 25 லட்சம் லிட்டர். நாளைக்கு 100 கோடி லிட்டர் குடிக்கிற ஊருக்கு அது எந்த மூலைக்கு? அந்த வருஷமும் திருவள்ளூர் மாவட்டத்து விவசாயக் கிணறுகளை வாடகைக்குப் பிடித்துத்தான் ஊரைக் காப்பாற்றினார்கள். அந்தக் கிணற்றில் தண்ணீர் எப்படி வந்தது? பக்கத்து ஏரியிலே நாலு மாசம் நின்ற தண்ணீர் மண்ணில் இறங்கி வந்தது. ஏரி நின்றால் கிணறு நிற்கும். கிணறு நின்றால் வறட்சியிலே பட்டணமும் நிற்கும். இது இன்ஜினியரிங் படித்தால்தான் தெரியும் என்பதில்லை, ஏற்றம் இறைத்த கிழவன் யாரைக் கேட்டாலும் சொல்லுவான்.

இப்போ நம்ம சங்கத்துக்குள்ளேயே இருக்கிற பெரிய சந்தேகத்துக்கு வருகிறேன். போன கூட்டங்களில் இதை வைத்துக் காரசாரமாகப் பேச்சு நடந்தது. ஒரு தரப்பு என்ன சொல்கிறது? “அவன்கிட்டே காசு வாங்காதீங்க. இன்னைக்கு மேல்வரின்னு ஒரு ரூபா கொடுப்பான், நாளைக்கு ‘விலை கொடுத்திருக்கோம், தண்ணி எங்களுது’ன்னு மதகைப் பூட்டிடுவான்.” இந்தப் பயம் காரணமில்லாத பயம் இல்லை. பாசன ஏரியாக இருந்து குடிநீர்த் தொட்டியான ஏரிகளைக் கண்ணால் பார்த்தவர்கள் நாம்.

ஆனால் காசு வாங்காமல் இருந்தபோது மட்டும் என்ன மிச்சமானது? ஒரு பைசா கொடுக்காமலேயே எடுத்துக்கொண்டுதானே போனார்கள்! ஆகவே வாங்குவதா வேண்டாமா என்பதைவிட, என்ன பேர் சொல்லி வாங்குகிறோம் என்பதுதான் முக்கியம். இது தண்ணீருக்கு விலை அல்ல, பராமரிப்புக் கூலி. ஏரியிலே முதல் உரிமை ஆயக்கட்டுக்கு. இந்த மேல்வரியால் யாருக்கும் தண்ணீரில் புது உரிமை வராது என்று அரசாணையிலேயே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அந்த வரி இல்லாமல் எவ்வளவு கோடி கொடுத்தாலும் நமக்கு வேண்டாம். சங்கத்தின் சார்பில் இதைத் தெளிவாகவே சொல்கிறேன்.

இரண்டாவது சந்தேகம் பணம் எங்கே போகும் என்பது. அனுபவத்தைப் பார்ப்போம்.

உங்க வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வீட்டு வரிக்குக் கீழே நூலக வரி என்று ஒன்று இருக்கும். ரூபாய்க்கு 10 பைசா. 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின் கீழே வசூலிக்கிற மேல்வரி அது. அந்தக் காசில்தான் தமிழ்நாட்டில் ஊர் ஊராக நூலகம் நடக்கிறது. ஆக, பில்லோடு சேர்த்து மேல்வரி வாங்கி ஒரு காரியத்துக்கென்று ஒதுக்குவது புது விஷயமே அல்ல. ஆனால் உள்ளாட்சிகள் வசூல் பண்ணின நூலக வரியைக் கட்டாமல் பாக்கி வைத்த கதையும் பேப்பரில் அடிக்கடி வந்ததுதான். வசூலிக்கிற கை ஒன்று, செலவழிக்கிற கை இன்னொன்று என்றால் நடுவிலே காசு தூங்கும்.

இன்னொரு கதை. 1977இல் மத்திய அரசு தண்ணீர் தீர்வைச் சட்டம் ஒன்று கொண்டு வந்தது. தொழிற்சாலைகளும் நகராட்சிகளும் எடுக்கிற தண்ணீருக்கு ஆயிரம் லிட்டருக்கு இத்தனை பைசா என்று வசூல். பணம் டெல்லிக்குப் போகும், அங்கிருந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கு வரும். வாரியங்கள் நடப்பதற்கான பணம் அது. ஏரிக்கு என்று அந்தச் சட்டத்தில் இடமே வைக்கவில்லை. நாற்பது வருஷம் வசூலித்தார்கள். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அதை எடுத்துவிட்டார்கள். நாற்பது வருஷம் தண்ணீர் பேரைச் சொல்லி வரி வசூலானது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

குடிமராமத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அது பழைய பேர். வெள்ளைக்காரன் 1858இல் சட்டம் போடுவதற்கு முன்னாலேயே ஊர் கூடி ஏரி வெட்டிய முறை. 2017 திட்டத்தில் பத்தில் ஒரு பங்கு ஆயக்கட்டுதாரர் உழைப்பாகவோ காசாகவோ போடணும், வேலையை ஆயக்கட்டுதாரர் சங்கமே செய்யணும் என்று எழுதியிருந்தார்கள். எழுதியது ரொம்ப நல்லா இருந்தது. சில ஏரிகளில் உண்மையாகவே நல்ல வேலை நடந்தது, மறுக்கவில்லை. சில ஏரிகளில் நடந்தது என்ன? சங்கத்தின் பேர் மட்டும் காகிதத்தில். வேலைக்கு வந்தது யாரோ ஒருத்தரின் ஜே.சி.பி. கரையோரம் நாலு பக்கமும் கீறிவிட்டு, கருவேல முள்ளை வழித்துவிட்டு, போட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். ஏரி நடு வயிற்றிலே மேடு அப்படியே இருக்கிறது. மதகு ஷட்டர் துருப்பிடித்தது துருப்பிடித்தபடி. நம்ம பக்கத்து ஏரி ஒன்றில் என்ன எஸ்டிமேட், எத்தனை கன மீட்டர் மண் எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு இந்த ஆபீஸ் அந்த ஆபீசைக் காட்டியது, அந்த ஆபீஸ் இந்த ஆபீசைக் காட்டியது. ஏரி எந்த ஆபீஸ் என்பதைத் தெரிந்துகொள்ளவே ஒரு வருஷம் ஆனது!

அதனால்தான் சொல்கிறோம், மேல்வரிப் பணம் கஜானாவுக்குப் போய்விட்டு அங்கிருந்து ஸ்கீமாகத் திரும்பி வரக்கூடாது. மாவட்டத்துக்கு ஒரு தனிக் கணக்கு, அதிலிருந்து நேராக ஏரிக் கணக்கு. 2000ஆம் வருஷத்து விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டத்தின் கீழ் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் இருக்கிறதே, பல ஊரில் போர்டு மட்டும் தொங்குகிறதே, அதற்கு ஒழுங்காகத் தேர்தல் நடத்தி அதன் பேரில் பேங்க் கணக்குத் தொடங்கணும். கையெழுத்துப் போடுகிறவர்களில் ஒரு பெண், ஒரு நிலமில்லாத கூலிக்காரர் கட்டாயம் இருக்கணும். ஏரியிலே மாடு தண்ணீர் குடிக்கிறது, துணி துவைக்கிறோம், மீன் பிடிக்கிறோம், ஏரி பட்டாதாரருக்கு மட்டும் சொந்தம் இல்லை. வேலை முடிந்ததும் செலவுக் கணக்கை ஏரிக்கரையிலே போர்டு எழுதி வைக்கணும்.

இது நடக்கிற காரியமா என்று கேட்கிறவர்கள் ஒரு நாள் பஸ் ஏறி உத்திரமேரூர் போய் வாருங்கள், நம்ம காஞ்சிபுரம் மாவட்டம்தான். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலே, பராந்தக சோழன் காலத்தில், குடவோலை போட்டு வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறையைக் கல்லிலே வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக்கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஏரியைப் பராமரிக்க ஏரிப்பட்டி என்று நிலமே ஒதுக்கின ஊர்கள் உண்டு. அந்தக் குடவோலையில் எல்லாரும் நிற்க முடியாது, நிலமும் படிப்பும் உள்ளவர்களுக்குத்தான் இடம், அதை மறைக்க வேண்டியதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: ஏரிக்கென்று தனி வருமானம், தனி ஆள், தனிக் கணக்கு.

வெளிநாட்டிலே இருக்கிறதா என்று கேட்கிற அதிகாரிகளுக்காக அதையும் சொல்கிறேன். அமெரிக்காவில் நியூயார்க் பட்டணத்துக்கு 200 கிலோமீட்டர் தூரம் வரையிலுள்ள கேட்ஸ்கில் மலைப் பக்கத்திலிருந்துதான் தண்ணீர் வருகிறது. 1990 வாக்கில் அந்த மலையில் மாடு வளர்க்கிற விவசாயிகள்மேல் பட்டணம் கடுமையான சட்டம் போடப் பார்த்தது. விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். சண்டையெல்லாம் நடந்து, பேச்சுவார்த்தை நடந்து, கடைசியில் 1997இல் ஒப்பந்தம் ஆனது. சாணிக் குழி கட்ட, ஓடைக்கு மாடு போகாமல் வேலி போட ஆகிற செலவு பட்டணத்தின் தண்ணீர் பில்லிலிருந்து. வேலையை நடத்துவது விவசாயிகள் முன்னின்று நடத்துகிற ஒரு சபை. கோடிக்கணக்கான டாலரில் புது வடிகட்டி ஆலை கட்டுவதைவிட இது மலிவு என்று பட்டணத்துக்காரனே கணக்குப் போட்டான். தர்மத்துக்காகக் கொடுக்கவில்லை, லாபம் பார்த்துக் கொடுத்தான். தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டுத் தலைநகர் கீட்டோவிலும் தண்ணீர் கம்பெனி வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்து மேல்நிலத்தைப் பாதுகாக்கிற நிதி 2000ஆம் வருஷத்திலிருந்து இருக்கிறது.

அவ்வளவு தூரம் ஏன், பக்கத்துக் கர்நாடகாவில் 2024 நவம்பரில் வனத்துறை அமைச்சர், மேற்குத்தொடர்ச்சி மலைத் தண்ணீரைக் குடிக்கிற ஊர்களின் தண்ணீர் பில்லில் மாதம் 2 ரூபாயோ 3 ரூபாயோ பசுமை மேல்வரி போட யோசனை அனுப்பச் சொன்னார். பணம் மலையைக் காக்க என்றார்கள். நல்லதுதான், ஆனால் அந்தப் பேச்சு வனத்துறையிலிருந்து கிளம்பியது. நம்மூரில் இந்தப் பேச்சு ஏரிக்கரையிலிருந்து கிளம்பணும். நாம் முந்திக்கொள்ளவில்லை என்றால் நாளைக்கு வேறு யாராவது வேறு மாதிரி எழுதிக்கொண்டு வருவார்கள்.

கடைசியாக, தம்பிமார்கள் சில பேர் கேட்கிற கேள்வி: “பட்டணத்தான் தண்ணி பில்லிலே மேல்வரி போடலாம்னு நாமே சொன்னா, நம்ம மோட்டார் கரண்ட்டுக்கும் போடலாம்னு அவன் சொல்ல மாட்டானா?” சொல்லுவான். சொல்லட்டும். பதில் நம்ம கையிலே இருக்கிறது. மோட்டாருக்கு இலவச மின்சாரம் யாரும் தானமாகக் கொடுத்தது அல்ல. அன்றைய கோவை மாவட்டம் பெருமாநல்லூரில் 1970இல் மின் கட்டண உயர்வை எதிர்த்து நின்ற விவசாயிகளில் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நாராயணசாமி நாயுடு மாட்டு வண்டிகளைப் பட்டணத்துக்குள்ளே கொண்டுபோய் நிறுத்தினார். அதற்கெல்லாம் பின்னாலே 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லாருக்கும் வந்தது. நெல்லுக்கு விலை வைக்கிற உரிமை நம்மிடம் இல்லாதவரைக்கும் அதிலே கை வைக்க விடமாட்டோம். பட்டணத்துக்காரன் தண்ணீரைக் குடித்துக் குளித்துச் சாக்கடையில் விடுகிறான். நாம் இறைக்கிற தண்ணீர் அவன் தட்டிலே சோறாகப் போகிறது. இரண்டையும் ஒரே பில்லில் எழுத முடியாது.

பணத்தால் ஆகாத வேலையும் உண்டு. வரத்துக்கால்வாயில் பிளாட்டும் கட்டடமும் இருக்கிறவரை எத்தனை கோடி போட்டாலும் ஏரி நிறையாது. 2007இல் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்தது. அதன்படி அளந்து, கல் நட்டு, பெரிய ஆக்கிரமிப்பை முதலில் எடுக்கணும். குடிசை போட்டவனை விரட்டிவிட்டு காலேஜ் சுவரை விட்டுவிடுகிற வேலை வேண்டாம்.

இப்போ செய்ய வேண்டியது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், அன்றைக்கு எல்லாக் கிராமத்திலும் கிராம சபை உண்டு. ஒவ்வொரு ஊரிலும் தீர்மானம் போடணும். நீளமாக வேண்டாம், மூன்று சங்கதி போதும்: சென்னைக் குடிநீர் பில்லில் ஆயிரம் லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏரி மேல்வரி போட வேண்டும், அது நேராக ஏரிக் கணக்குக்கு வர வேண்டும், அது பராமரிப்புக் கூலியே தவிர தண்ணீருக்கு விலை அல்ல, ஆயக்கட்டு உரிமை அப்படியே இருக்கும் என்று ஆணையில் எழுத வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகே கையெழுத்துப் போடுங்கள், வெற்றுப் பக்கத்தில் போடாதீர்கள். கையோடு நகல் கேட்டு வாங்குங்கள்.

நகலைச் சங்க ஆபீசில் கொடுக்கிறபோது கூடவே ஒரு தாளில் உங்க ஏரியைப் பற்றி எழுதிக் கொடுங்கள். ஏரி பேர், எத்தனை மதகு, அதில் எத்தனை வேலை செய்கிறது, கலங்கல் கடைசியாக எந்த வருஷம் வழிந்தது, வரத்துக்கால்வாய் எங்கே அடைபட்டிருக்கிறது, ஆயக்கட்டு எத்தனை ஏக்கர். ஆயக்கட்டுக்கு வி.ஏ.ஓ. ரிஜிஸ்டரில் இருக்கிற கணக்கு ஒரு பக்கம், இப்போ நிஜமாகவே தண்ணீர் பாய்கிற ஏக்கர் ஒரு பக்கம், இரண்டையும் எழுதுங்கள்.